வால்டர் டென்னிசன் சுவிங்கிள்

வால்டர் டென்னிசன் சுவிங்கிள் (ஜனவரி 8, 1871 - ஜனவரி 19, 1952) ஓர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆவார். ஆரஞ்சு, எலுமிச்சை, நாரத்தை முதலியன அடங்கிய சிட்ரசுத் தாவரங்களின் வகைப்பாட்டிற்காகவும், அவற்றில் குளிர் தாங்கும் கலப்பினங்களை உருவாக்கியமைக்காகவும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்து கேன்சசு மாநிலத்தில் வளர்ந்தார். அங்குள்ள வேளாண்மைக் கல்லூரியில் 1890 இல் பட்டம் பெற்று, 1891 இல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் சேர்ந்தார். வட ஆப்பிரிக்கப் பேரீச்சையை அமெரிக்காவில் பயிராக்கியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. தாவரங்களைப் பற்றிய செய்திகளைத் தேடிச் சீன நூல்களில் ஈடுபட்ட இவர், அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் சீன நூல் தொகுப்பு வளரவும் காரணமானார்.

உறைபனியும் கலப்பினங்களும்

1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் ஏற்பட்ட உறைபனியால் புளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகளில் பெரும்பாலானவை அழிந்தன. அம்மாநிலத்தில் ஆய்வு செய்து வந்த சுவிங்கிள், குளிரில் பட்டுப்போகாத ஆரஞ்சு மரம் ஒன்றை உருவாக்க முனைந்தார். இதற்கு அவர் தேர்ந்தெடுத்தது சீனாவைத் தாயகமாகக் கொண்ட மூவிலை ஆரஞ்சு. வில்வத்தைப் போல மூன்று சிற்றிலைகளை உடைய இதனை முன்பு சிலர் வில்வத்தின் பேரினத்திலேயே சேர்த்திருந்தனர். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் இச்செடி கடுங்குளிரைத் தாங்கும். பழமோ வாயில் வைக்க முடியாத கசப்பு.

1897 இல் இதனைச் சாத்துக்குடி இனத்துடன் கலந்து 'சிட்ரேஞ்சு' என்னும் கலப்பினத்தைப் பெற்றார். மரம் குளிரைத் தாங்கியது. ஆனால் பழத்தில் புளிப்பும் கசப்பும் நீங்கவில்லை. சந்தையில் அது எடுபடவில்லை. அவர் விரும்பிய பழம் கிடைக்கவில்லை என்றே கூற வேண்டும்.

வேர்ச்செடியாகப் பயன்பாடு

இக்கலப்பினங்களின் பயன் வேரில் இருந்தது பின்னரே தெரியவந்தது. நல்ல சாதி ஆரஞ்சின் மொட்டை இவற்றின் நாற்றில் ஒட்டுக்கட்டினால், மேலுள்ள மரமும் குளிரை ஓரளவு கூடுதலாகத் தாங்குகிறது. விதை நாற்றுகள் பெரும்பாலும் தாய்ச்செடியை அப்படியே ஒத்திருப்பதால் நாற்றங்கால்களுக்கும் இவை ஏற்றவை. கிச்சிலி வேர்ச்செடியில் ஒட்டிய மரங்களை 'டிரிசுடெசா' என்னும் நச்சுயிரி நோய் அழித்தபோது, அந்நோயைத் தாங்கும் டிராயர், கரிசோ ஆகிய சிட்ரேஞ்சுகள் கலிபோர்னியாவில் பரவலாயின. பம்ப்ளிமாசுக்கு நெருங்கிய கிரேப்புரூட்டுடன் மூவிலை ஆரஞ்சைக் கலந்து 1907 இல் அவர் உருவாக்கிய மற்றொன்று, 1974 இல்தான், அதாவது அவர் இறந்து 22 ஆண்டுகளுக்குப் பின், 'சுவிங்கிள் சிட்ருமெலோ' என்ற பெயரில் உழவர்களுக்கு வெளியிடப்பட்டது.

எனினும் இவ்வேர்ச்செடி எல்லா மண்ணுக்கும் ஏற்றதன்று. சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் இரும்புச்சத்துக் குறைபாட்டால் இலைகள் வெளிறுகின்றன. கழுகுமலை, கோவில்பட்டி வட்டாரக் கரிசல் அத்தகையதே; அங்கு உறைபனியும் இல்லை. இந்தியாவில் ஜம்பேரி எலுமிச்சை, ரங்பூர் எலுமிச்சை ஆகியனவே வேர்ச்செடிகளாகப் பெரிதும் பயன்படுகின்றன.