கூடைப்பந்துப் பயிற்சியாளர்களின் தந்தை

கூடைப்பந்து விளையாட்டைப் படைத்தவர் டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பதை நாம் அறிவோம். 1891 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி அவர் இதனைத் தொடங்கி வைத்தார். ஆனால், இவ்விளையாட்டை முறையாகக் கற்பிக்கவும் முடியும் என்று காட்டியவர் அவருடைய மாணவர் ஒருவர். அவரே ஃபாரஸ்ட் கிளேர் ஆலன். அப்பெரியாரின் வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம்.

ஆலன் 1885 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18 ஆம் நாள் மிசௌரி மாநிலத்தில் ஜேம்ஸ்போர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் அவர் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தார். அப்போது அவருடைய குரல், மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதுகுழலைப் போல் முழங்குமாம். அதனால் 'ஃபாக்' ஆலன் என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது நெய்ஸ்மித்தின் அணியிலேயே ஆடும் பேறு ஆலனுக்குக் கிடைத்தது. அந்நாளில் பேக்கர் பல்கலைக்கழகம் அவரைத் தன் அணிக்குப் பயிற்சியாளராக அழைத்தது. இதைக் கேட்டு நெய்ஸ்மித் நகைத்தார். இது ஆடி மகிழ வேண்டிய விளையாட்டு, இதற்குப் பயிற்சியாளர் எதற்கு என்பது அவர் எண்ணம். ஆசிரியரிடம் பெருமதிப்புக் கொண்டிருந்த ஆலன், இந்த ஒன்றில் மட்டும் அவரோடு உடன்படவில்லை. வாதாடாமல், செயலில் காட்டத் துணிந்தார்.

1907 ஆம் ஆண்டில், தாம் பயின்ற கான்சாஸ் அணிக்கே, தம் ஆசிரியர் இருந்த இடத்தில், அவர் பயிற்சியாளரானார். இரண்டு பருவங்களுக்குப் பின் விலகி, எலும்பையும் தசையையும் கைகளால் சரிசெய்யும் ஆஸ்டியோபதி மருத்துவம் கற்றார். அடிபட்ட வீரர்களைத் தாமே குணப்படுத்த அக்கல்வி அவருக்குப் பெரிதும் உதவியது. 1919 இல் மீண்டும் கான்சாஸ் திரும்பியவர், 1956 வரை அங்கேயே பணிபுரிந்தார். ஆக மொத்தம் 39 பருவங்கள்!

நெய்ஸ்மித்தின் பொறுப்பில் கான்சாஸ் அணி கண்டது 55 வெற்றி, 60 தோல்வி. ஆலனின் பொறுப்பில் கண்டதோ 590 வெற்றி, 219 தோல்வி. 1952 ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் செயின்ட் ஜான்ஸ் அணியை 80-63 என்று வென்று, கான்சாஸ் தேசியப் பட்டம் பெற்றது. அவ்வாண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் அவருடைய மாணவர் எழுவர் இருந்தனர்.

1927 இல், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதை ஒரே தட்டோடு நிறுத்திவிட விதிக்குழு முனைந்தது. ஆலன் பயிற்சியாளர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து அதனைத் தடுத்தார். இன்று நாம் தட்டித் தட்டி ஓடுவதற்கு அவரும் ஒரு காரணமல்லவா? 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து இடம் பெறவும் அவர் அரும்பாடுபட்டார். அவ்விழாவை முதிய நெய்ஸ்மித் நேரில் கண்டு களித்தார். மாணவன் ஆசானுக்குச் செலுத்திய காணிக்கை என்றே இதனை நாம் கருதுகிறோம்.

1955 ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், 16,000 பேருக்கு மேல் அமரக்கூடிய ஆலன் அரங்கம் கான்சாஸில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், ஏழடி உயர வில்ட் சேம்பர்லினை ஆலன் தம் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு வந்தார். ஆனால், முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆட அக்கால விதி இடங்கொடுக்கவில்லை. நவம்பரில் ஆலனுக்கு எழுபது வயது நிறைந்தது. எழுபதில் ஓய்வு பெற வேண்டும் என்பது அந்நாளில் அங்கிருந்த விதி. இன்னும் சிறிது காலம் நீட்டிக்குமாறு அவர் வேண்டியும் பயனில்லை. தாம் தேடிக் கொணர்ந்த வீரனைக் களத்தில் இறக்கி ஆட்டுவிக்கும் வாய்ப்பு இன்றியே 1956 இல் அவர் விடைபெற்றார். அரங்கத்தில் அவர் பெயர் இருந்தது. அணியில் அவருக்கு இடமில்லை! அந்த உள்ளம் எவ்வளவு வருந்தியிருக்கும்!

ஆயினும், அவர் விதைத்தது வீண்போகவில்லை. அவர் விடைபெற்றபோது 746 வெற்றிகள் அவர் பெயரில் இருந்தன. அவரிடம் ஆடிய அடால்ஃப் ரப், கென்டக்கியில் பயிற்சியாளராகி 876 வெற்றிகள் பெற்று ஆசானை மிஞ்சினார். 1952 அணியில் இருந்த டீன் ஸ்மித், வட கரோலினாவில் 1997 க்குள் 879 வெற்றிகள் பெற்று ரப்பையும் கடந்தார். ஆசானை மாணவன் மிஞ்சுவது, ஆலன் தாமே தொடங்கி வைத்த வழக்கமன்றோ?

கூடைப்பந்துப் பயிற்சியாளர்களின் தந்தை எனப் போற்றப்படும் ஆலன், 1974 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16 ஆம் நாள், பல்கலைக்கழகம் அமைந்த லாரன்ஸ் நகரிலேயே, 88 ஆம் வயதில் மறைந்தார்.

ஆசிரியரை மதிப்பது என்றால் அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவதன்று. அவர் தந்ததை வளர்த்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பதாகும். தோழியரே, நமக்குக் கற்பித்தோர் கண்டு மகிழுமாறு நாமும் உயர்வோமாக!