பார்வை மங்கியும் பணி ஓயாத ஓவியர்

ஒரே ஒரு பூவை எடுத்துக்கொண்டு, அது திரைச்சீலை முழுவதையும் அடைத்துக்கொள்ளும்படி தீட்டியவர் அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் அம்மையார். அவசரமாக ஓடும் நியூயார்க் நகரத்து மக்கள் ஒரு பூவை நின்று பார்க்க வேண்டுமானால் அதை அத்தனை பெரிதாக்கித்தான் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். உற்றுப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட இவருக்கு, எதையும் உற்றுப் பார்க்க முடியாதபடி செய்யும் கண் நோய் முதுமையில் வந்து சேர்ந்தது.

1887 நவம்பர் 15ம் தேதி, விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில், ஏழு குழந்தைகளில் இரண்டாமவராகப் பிறந்தார். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ஓவியம் பயின்று, ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்தார். 1916ல் இவருடைய கரிக்கோட்டுப் படங்களைத் தமது காட்சிக்கூடத்தில் வைத்து உலகுக்குக் காட்டியவர் புகைப்படக் கலைஞர் ஆல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ். 1924ல் இருவரும் மணம் செய்துகொண்டனர். 1946ல் கணவர் காலமானார். அதன் பின், தாம் 1929 முதல் போய் வந்துகொண்டிருந்த நியூ மெக்சிகோ பாலை நிலத்திலேயே 1949ல் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார். 1959ல் உலகம் சுற்றக் கிளம்பியபோது நம் இந்தியாவுக்கும் வந்து சில வாரங்கள் தங்கினார்.

விமான ஜன்னல் வழியே கண்ட மேகக் கூட்டம் அவர் மனதை விட்டு அகலவில்லை. 1965ல், 77 வயதில், காரை நிறுத்தும் கொட்டகையில் 24 அடி நீளமுள்ள துணியை விரித்து அந்த மேகங்களைத் தீட்டி முடித்தார். அதன் பிறகு சில ஆண்டுகளில் பார்வை தகராறு செய்யத் தொடங்கியது. பிறர் உதவியின்றி அவர் முடித்த கடைசி எண்ணெய் வண்ண ஓவியம் 1972ம் ஆண்டைச் சேர்ந்தது.

அந்த நோய்க்கு முதுமை மாக்குலா சிதைவு என்று பெயர். கண்ணின் உட்புறத்தில் விழித்திரை என்ற மெல்லிய படலம் உண்டு. அதன் நடுவே சுமார் 5 மில்லி மீட்டர் அகலமுள்ள சிறு வட்டம்தான் மாக்குலா. படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருபவர் முகத்தை அடையாளம் காண்பதும் இந்த வட்டத்தின் தயவால்தான். அது கெட்டால் பார்க்கும் இடத்தின் நடுவே மட்டும் மங்கலாகவோ கறுப்பாகவோ ஒரு திட்டு விழும். ஓரப் பார்வை பெரும்பாலும் தப்பிவிடும். ஓ'கீஃப் அம்மையாருக்கு மிஞ்சியதும் அந்த ஓரப் பார்வைதான். மலையின் வரம்பு தெரியும். தூரிகையின் நுனி தெரியாது!

நம் வீடுகளில் வயதானவர் கண் தெரியவில்லை என்றால், புரையாக இருக்கும், முற்றட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த நோயில் அப்படிக் காத்திருப்பது ஆபத்து. இதில் உலர் வகை, ஈர வகை என இரண்டு உண்டு. உலர் வகை மெல்லப் போகும். ஈர வகையில், விழித்திரைக்கு அடியில் தேவையற்ற ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிவதால், சில வாரங்களிலேயே பார்வை பறிபோகலாம். அம்மையார் காலத்தில் மருத்துவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 2000ம் ஆண்டுக்குப் பிறகு, அந்தக் குழாய்களின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசி மூலம் செலுத்தும் முறை வந்துவிட்டது. சீக்கிரம் போனால் இருக்கிற பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிக் கொள்ளலாம். அழிந்துபோன பகுதி திரும்புவது கடினம். ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட தாளை மறு கண்ணால் பார்க்கும்போது நேர்க்கோடுகள் வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால், உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். புகை பிடிப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

1973ல் ஜுவான் ஹாமில்டன் என்ற இளம் குயவர் அம்மையாரிடம் வேலை கேட்டு வந்தார். களிமண்ணில் கலம் வனைய அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் இவரே. மண்ணுக்குக் கண் தேவையில்லை, விரல் போதும். 1976ல் தம் வாழ்க்கையையும் படங்களையும் பற்றிய நூலை வெளியிட்டார். 1977ல் நாட்டின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது.

எண்ணெய் வண்ணத்தையும் அவர் அடியோடு கைவிட்டுவிடவில்லை. வீட்டு வேலைக்கு வந்த ஓர் இளைஞரிடம் எந்த இடத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே சில படங்களைத் தீட்டச் செய்தார். பிறர் கை தீட்டிய படம் யாருடையது என்ற சர்ச்சை பின்னால் எழுந்தது. கை வேறானாலும் உருவமும் நிறமும் எண்ணமும் அம்மையாருடையவை. அவை அவர் படங்களே என்பதுதான் நியாயமாகத் தோன்றுகிறது. துணைக்கு ஆள் தேவைப்படாத கரித்துண்டு, பென்சில் வேலைகளை 1984 வரை செய்து வந்தார்.

1986 மார்ச் 6ம் தேதி, சான்டா பே நகரில், 98வது வயதில் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய சாம்பல், அவர் ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்துப் பலமுறை தீட்டிய பெடர்னல் மலையின் உச்சியிலிருந்து காற்றில் தூவப்பட்டது.