வைத்தியர் தாமஸ் பெர்சிவல்

நோயுற்றோர் வைத்தியரிடம் தம் உடலை மட்டுமன்றித் தம் மானத்தையும் ஒப்புவிக்கின்றனர். இதனை நன்குணர்ந்த பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தாமஸ் பெர்சிவல் இங்கிலாந்திலே வாரிங்டன் என்னும் ஊரில் 1740-ம் ஆண்டிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தமக்கையாரால் வளர்க்கப்பெற்றார். எடின்பரோவிற் பயின்று, 1765-ல் லெய்டன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1767-ல் மான்செஸ்டர் நகரிற் குடியேறினார்.

அந்நகர் ஆஸ்பத்திரி வைத்தியருக்குள் பூசல் விளைந்தமையால், அவர்கள் ஒழுகவேண்டிய விதிகளை வகுக்கும் பணி 1792-ல் இவரிடம் வந்தது. புதல்வர் இருவரை இடையே இழந்தும் இவர் அப்பணியைக் கைவிட்டாரல்லர். அது 1803-ல் வைத்திய ஒழுக்கம் பற்றிய நூலாய் வெளிவந்தது.

செல்வர் தம் இல்லத்திலேயே வைத்தியம் பெற்ற காலம் அது. தர்ம ஆஸ்பத்திரியிற் கட்டில்கள் நெருங்கிக் கிடக்க, ஏழைக்குத் தனியறை ஏது? ஆதலின், பெரிய வார்டுகளில் அயலார் செவிப்படாவண்ணம் தாழ்ந்த குரலிலே நோயாளரை வினவவேண்டும் என்றும், வேண்டுமிடத்து இரகசியத்தைக் கண்டிப்பாய்க் காக்கவேண்டும் என்றும், பெண்டிரிடத்து மிக்க நாணயத்தோடும் மரியாதையோடும் ஒழுகவேண்டும் என்றும் விதித்தார். இதற்குப் பொருட்செலவு யாதுமில்லை, உள்ளன்பே வேண்டுவது.

இவர் 1804-ல் தேகவியோகமானார். 1847-ல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தார் தம் ஒழுக்க விதிகளை இவர் நூலைத் தழுவியே அமைத்தனர்.

ஏழையின் மானமும் மானமே. பிணியாளரைக் காணச் செல்லும் நாமும், அங்கே கேட்டதை வெளியிற் பேசாது நாவடக்கம் பேணுவோமாக.