எமன் வேஷத்தைக் கலைத்த சங்கரதாஸ் சுவாமிகள்: யார் இவர்?

செஞ்சி வட்டாரத்தில் திருவிழான்னா விடிய விடிய கூத்துதான். துரியோதனன் வேஷம் வந்ததுமே வாண்டுகள் அம்மா மடியில் முகம் புதைத்துக்கொள்ளும். இப்படி மேடையில் மிரட்டியே பேர் வாங்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். எமன், சனீஸ்வரன், இரணியன் வேஷங்களில் அவருக்கு நிகர் அவரேதான். ஒருமுறை எமனாக அவர் பாய்ந்து வந்ததைப் பார்த்து மிரண்ட கர்ப்பிணிக்குக் கரு கலைந்துபோனதாம். அந்தக் குற்ற உணர்வில் அரிதாரத்தையே விட்டவர், பேனாவைப் பிடித்தார் என்பார்கள்.

‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ என 40-க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்தே நாடக சபா தொடங்கினார். 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார். இன்னைக்கும் ஸ்பெஷல் நாடக மேடைகளில் விடியும்வரை ஒலிப்பது அவர் பாட்டுதான்.