கட்டுண்டவர் திறந்த ஆஸ்பத்திரி



மார்ச் மாதம் 8-ந் தேதி இறைவனின் அர்ச். அருளப்பருடைய திருநாள். அவர் நோயாளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பாதுகாவலர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவரே ஒரு காலத்தில் பைத்தியக்காரர் என்று பிடிக்கப்பட்டு, கை கால் கட்டுண்டு, சவுக்கடி பட்டவர் என்பதைப் பலர் அறியார்கள். அந்தச் சரித்திரத்தை இவ்வாரம் குடும்பமாய் உட்கார்ந்து வாசியுங்கள்.

அவர் 1495-ம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் பிறந்தார். ஏறக்குறைய எட்டு வயதில் வீட்டைப் பிரிந்து, ஸ்பெயின் தேசத்தில் ஆடு மேய்த்து வளர்ந்தார். பின்பு போர்ச்சேவகரானார், பிரெஞ்சுக்காரரோடும் துருக்கியரோடும் நடந்த சண்டைகளுக்குப் போனார். படையை விட்டபின் கூலிவேலை செய்தார். ஞானப் புத்தகங்களையும் படங்களையும் சுமந்து ஊர் ஊராய் விற்றார். கடைசியில் கிரானாதா நகரத்தில் சிறு புத்தகக் கடை வைத்தார். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

அந்நகரில் ஒரு அர்ச். செபஸ்தியார் திருநாளன்று ஆவிலா அருளப்பர் என்னும் பேர்போன குருவானவர் பிரசங்கம் செய்தார். அதைக் கேட்டதும் நம் கடைக்காரரின் உள்ளம் நிலைகுலைந்தது. தம் பாவங்களை நினைத்துக் கதறினார். தரையில் விழுந்து புரண்டார். கடையிலிருந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்தார். உடுத்திய துணியையும் கழற்றிக் கொடுத்தார். சிறுவர்கள் கூச்சலிட்டுக் கல்லெறிந்து பின்தொடர்ந்தார்கள். தாழ்ச்சிக்காக அவர் பைத்தியம்போல் நடித்தார் என்பாரும் உண்டு. மெய்யாகவே புத்தி கலங்கினார் என்பாரும் உண்டு. எதுவானாலும், அவர் பட்ட அடி நடிப்பல்ல.

அவர்மேல் இரக்கங்கொண்ட சிலர் அவரை அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சித்தசுவாதீனமற்றவர்களுக்கு அங்கே நடந்த வைத்தியம், கட்டிப்போடுவதும் சவுக்கால் அடிப்பதுமே. உடம்பு நொந்தால் புத்தி திரும்பும் என்று அக்காலத்தார் நம்பினார்கள். கவனியுங்கள்: அடித்தவர்கள் நன்மை செய்வதாகவே எண்ணி அடித்தார்கள். தமக்கு விழுந்த அடியை அருளப்பர் பொறுத்துக்கொண்டார். ஆனால் பக்கத்திலிருந்த மற்ற நோயாளிகள் அடிபடக் கண்டபோது வாய்திறந்து கண்டித்தார். அதற்காக இன்னும் அதிக அடி வாங்கினார்.

ஆவிலா அருளப்பர் கொடுத்த ஆறுதலினாலும் புத்திமதியினாலும் அவர் மனம் அமைதியடைந்தது. கட்டு அவிழ்த்துவிடப்பட்டதும் அவர் ஓடிப்போகவில்லை. அங்கேயே தங்கித் தரையைப் பெருக்கினார், நோயாளிகளைக் கழுவினார். கைவிடப்பட்ட ஏழைகளையும் புத்தி கலங்கியவர்களையும் தாம் விரும்புகிறபடி பராமரிக்க ஒரு வீடு வேண்டுமென்று சேசுநாதரிடம் மன்றாடினார்.

அந்த மன்றாட்டு வீண்போகவில்லை. வெளியே வந்து விறகு விற்றுப் பிழைத்தார். பிறகு வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார். இரவு வேளையில் முதுகிலே கூடையும், கயிற்றில் தொங்கும் இரண்டு பானைகளுமாய்த் தெருத்தெருவாய்ப் போவார். தருமம் செய்கிறவன் தனக்கே நன்மை செய்துகொள்கிறான் என்று சத்தமிட்டுப் பிச்சை கேட்பார். நடக்கமாட்டாத நோயாளிகளைத் தோளில் தூக்கி வருவார். ஒருவருக்கு ஒரு கட்டில் என்பது அவர் வீட்டு ஒழுங்கு. 1550-ம் ஆண்டு அவர் எழுதுவித்த ஒரு கடிதத்தின்படி, அவ்வீட்டில் 110 பேர் இருந்தார்கள். குஷ்டரோகிகள், முடவர், ஊமையர், கிழவர், குழந்தைகள் இவர்களோடு புத்தி கலங்கியவர்களையும் அவர் அதில் சேர்த்துச் சொல்லுகிறார். அவர்களுக்குத் தனிச் சிறை இல்லை, அவர்களும் நோயாளிகளே.

1549-ம் ஆண்டு அரச ஆஸ்பத்திரி தீப்பற்றி எரிந்தது. தம்மைக் கட்டி அடித்த அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே அவர் ஓடி நுழைந்து நோயாளிகளை வெளியே கொண்டுவந்தார். கெட்ட நடத்தையுள்ளவர்களையும் வீட்டில் வைத்திருக்கிறார் என்று அதிமேற்றிராணியாரிடம் புகார் போனபோது, தம்மைத் தவிர வேறு கெட்டவன் அங்கே இருப்பதாகத் தாம் அறியவில்லை என்று மறுமொழி சொன்னார். ஆற்றில் அகப்பட்ட ஒரு வாலிபனைக் காப்பாற்றக் குளிர்ந்த நீரில் இறங்கி நோயுற்று, 1550-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி முழந்தாளில் இருந்தபடியே ஆத்துமத்தை ஒப்புக்கொடுத்தார். அவருடைய சகோதரர்களின் சபையை 5-ம் பத்திநாதர் 1572-ல் அங்கீகரித்தார். 1690-ல் அருளப்பருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கிடைத்தது. 1886-ல் 13-ம் சிங்கராயர் பாப்பானவர் அவரை நோயாளிகளுக்குப் பாதுகாவலராக்கினார்.

பிரியமானவர்களே, நம் வீடுகளிலும் புத்தி கலங்கியவர்கள் உண்டு. குடியாலும் போதைப்பொருளாலும் அடிமைப்பட்டவர்கள் உண்டு. அவர்களோடு வாழ்வோரின் பயமும் களைப்பும் சிறியதல்ல. அதனால்தான், இரண்டு நாள் லாக்கப்பில் கிடந்தால் புத்தி வரும், நாலு அடி போட்டால் தெளியும் என்று நல்லவர்களும் பேசுகிறார்கள். கிரானாதாவிலும் நல்லவர்களே அப்படிச் செய்தார்கள். ஒருவன் கைநீட்டினால் வீட்டாரைக் காப்பது கடமை. ஆனால் தடுத்து வைப்பது வைத்தியம் ஆகாது. நோயைத் தண்டித்துக் குணமாக்கினவர் ஒருவருமில்லை.

இன்று சட்டமும் இதையே சொல்லுகிறது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை நம் நாட்டின் 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் முற்றிலும் தடைசெய்திருக்கிறது. போதைக்கு அடிமைப்பட்டுச் சிறு அளவு வைத்திருந்ததற்காக வழக்கில் சிக்கியவன், தானே முன்வந்து அரசு ஒப்புக்கொண்ட ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று முடித்தால், அவன்மேல் வழக்கு நடத்தாமல் விடவும் போதைப்பொருள் சட்டத்தில் இடமுண்டு. ஆகையால் மறைக்காதீர்கள், கட்டாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அண்டை வீட்டார் துணைக்குப் போங்கள். அப்படிப்பட்டவர் பூசைக்கு வந்தால் பெஞ்சில் நகர்ந்து இடங்கொடுங்கள்.

கட்டுண்டு அடிபட்ட அருளப்பர் நமக்காக வேண்டிக்கொள்வாராக.