மகாலநோபிஸ்: பஞ்சத்தின் கணக்கைத் தேடிப் போனவர்

எத்தனை பேர் என்று பதிவாகிறதோ அத்தனை பேருக்குத்தான் அரிசி வரும். நிவாரண வரிசையில் நின்ற எவருக்கும் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. 2009 தொடக்கத்தில் வன்னியில் எஞ்சியிருந்தவர்கள் 70,000 பேரளவில்தான் என்று அரசு சொன்னது. முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ இரண்டரை இலட்சத்தையும் தாண்டினார்கள். அந்த வித்தியாசத்துக்குள் இருந்தவர்களில் நானும் ஒருவன். எண்ணுவதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்ட பிரசாந்த சந்திர மகாலநோபிஸை நான் தேடிப் படித்ததற்கு அதுவே காரணம்.

அவர் 1893இல் கல்கத்தாவில் பிறந்தார். பௌதிகவியல் படிக்கக் கேம்பிரிட்ஜ் சென்றவருக்கு அங்கே நம் கணிதமேதை ராமானுஜன் நண்பரானார். குளிரில் போர்வைக்குள் நுழைந்து படுக்கும் முறை தெரியாமல், போர்வைகளுக்கு மேலே படுத்து நடுங்கிய ராமானுஜனுக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் இவர்தான். முதலாம் உலகப் போரால் ஊர் திரும்பும் கப்பல் தாமதமானது. அந்த நாட்களில் கைக்கு வந்த 'பயோமெற்றிக்கா' என்ற சஞ்சிகைத் தொகுதிகள் அவரைப் புள்ளிவிபரவியலின் பக்கம் திருப்பின. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகத்தைத் தொடங்கினார்.

வங்காளத்தில் சணல் எவ்வளவு பயிராகிறது என்பதை அறிய 1937 முதல் அவர் மாதிரிக் கணக்கெடுப்புகளை நடத்தினார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் எந்தச் சோற்றை எடுப்பது என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு அவர் விடவில்லை. எந்த வயலை அளப்பது என்பது குலுக்கல் போலத் தற்செயலாகவே தெரிவாகும். ஒரே பகுதிக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு குழுக்களை அனுப்பி, இரு கணக்குகளையும் ஒப்பிட்டார். பெரிய வித்தியாசம் வந்தால் எங்கோ பிழையோ பொய்யோ இருக்கிறது என்று பொருள். எண்ணுபவரையும் சோதிக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் அவருடைய பணியில் மிகப் பெரியதாக நான் நினைக்கிறேன்.

1943இல் வங்காளத்தைப் பஞ்சம் தாக்கியது. 15 இலட்சம் பேர் இறந்ததாக அரசின் விசாரணைக்குழு கூறியது. பிந்திய ஆய்வாளர்கள் சிலர் 30 இலட்சம் வரை என்கிறார்கள். பஞ்சம் தணிந்ததும் மகாலநோபிஸின் குழு 386 கிராமங்களில் ஏறத்தாழ 16,000 குடும்பங்களிடம் போனது. யார் நிலத்தை விற்றார்கள், யார் ஈடு வைத்தார்கள், எந்தத் தொழில் செய்தவர்கள் நிர்க்கதியானார்கள் என்று கேட்டது. நிலமற்ற கூலியாட்களும் மீனவர்களும் நெல் குற்றிப் பிழைத்தவர்களுமே அதிகம் நொறுங்கிப் போனவர்கள் என்பது அப்போது பதிவானது. அமர்த்தியா சென் பின்னாளில் பஞ்சங்களைப் பற்றி எழுதியபோது இந்தத் தரவுகள் அவருக்குக் கைகொடுத்தன.

1947 பிரிவினைக் கலவரத்தில் டெல்லி செங்கோட்டையில் தஞ்சமடைந்தவர்களுக்கு ஒப்பந்தக்காரர்கள் உணவு கொடுத்தார்கள். விலைச்சிட்டை எகிறியது, ஆனால் உள்ளே எத்தனை பேர் என்று அரசுக்குத் தெரியாது. மகாலநோபிஸின் நிறுவகத்தைச் சேர்ந்த சென்குப்தா சொன்ன வழிப்படி, வழங்கியதாகக் காட்டப்பட்ட அரிசி, பருப்பு, உப்பு ஒவ்வொன்றையும் ஒருவருக்குத் தேவையான அளவால் வகுத்துப் பார்த்தார்கள். அரிசி காட்டிய ஆட்தொகை மிகப் பெரியது. உப்பு காட்டியது மிகச் சிறியது. மலிவான உப்பில் களவெடுத்து என்ன இலாபம்? ஆகவே உப்பின் கணக்கையே நம்பினார்கள்.

1950இல் மகாலநோபிஸின் முயற்சியால் இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. வறுமை பற்றிய விவாதங்கள் பல பத்தாண்டுகள் அதன் இலக்கங்களை வைத்தே நடந்தன. 1972 ஜூன் 28ஆம் திகதி, 79ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், அவர் காலமானார்.

எங்கள் மண்ணில் 1981க்குப் பிறகு 2012 வரை வடக்கு முழுவதையும் தழுவிய குடிசனக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு கூறியதை அரசு நிராகரித்தது. வங்காளத்தில், பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டே வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். கேட்கப்படுபவர்கள் உயிரோடிருக்கும்போதுதான் அப்படிக் கேட்க முடியும். எங்களிடம் அந்தக் காலம் குறைந்துகொண்டே போகிறது.