இரு நாடுகளில் இரு கப்றுகள்: கவிஞர் நஸ்ருலின் இல்லறம்

கதிரவெளியிலிருந்து வடக்கே வெருகல் ஆற்றைக் கடந்தால் மூதூர்ப் பக்கம். தெற்கே வாகரையைத் தாண்டி வந்தால் வாழைச்சேனை, ஓட்டமாவடி. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து வரும் இந்தக் கரையில் இரு சமூகங்களையும் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று நம் மூத்தவர்கள் சொல்வார்கள். திமிலரை விரட்ட உதவிய பட்டாணியருக்கு முக்குவர் தம் பெண்களை மணமுடித்துக் கொடுத்து ஏறாவூரில் குடியமர்த்தினர் என்பது மட்டக்களப்பின் பழைய வாய்மொழி வரலாறு. தாய்வழிக் குடி முறை இன்றும் இரு சமூகங்களிலும் இருக்கிறது.

அதே மண்ணில் 1985உம் 1990உம் வந்து போயின. அதற்குப் பின்னர் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் விரும்பினால் அது இரு குடும்பங்களின் பிரச்சினையாக மட்டும் இருப்பதில்லை, இரு ஊர்களின் பிரச்சினையாகி விடுகிறது. இந்த நேரத்தில் வங்கக் கவிஞர் காஸி நஸ்ருல் இஸ்லாமின் வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

நஸ்ருல் 1899 மே 24 அன்று மேற்கு வங்கத்தின் சுருலியா கிராமத்தில் பிறந்தார். வாப்பா காஸி பக்கீர் அஹ்மத் பள்ளிவாசல் இமாம். அவர் 1908இல் வபாத்தானதும் வறுமை சூழ்ந்தது. சிறுவன் நஸ்ருல் மக்தபில் கற்பித்தான், பள்ளியில் பாங்கு சொன்னான், பின்னர் அசன்சோலில் ரொட்டிக் கடையில் வேலை செய்தான். 1917இல் இராணுவத்தில் சேர்ந்து கராச்சியில் ஹவில்தாராக இருந்தார். 1920இல் படைப்பிரிவு கலைக்கப்பட, கல்கத்தா வந்து எழுத்தாளரானார். 1922 ஜனவரியில் வெளிவந்த 'வித்ரோஹி' என்ற கவிதை அவரை ஒரே நாளில் வங்கம் முழுவதும் அறியச் செய்தது.

அதற்கு முன், 1921இல், கொமில்லாவுக்கு அருகே தௌலத்பூரில் நண்பர் ஒருவரின் உறவுப் பெண்ணான நர்கிஸுடன் அவருக்குத் திருமணம் ஏற்பாடானது. மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனை வந்ததும் நஸ்ருல் அன்றிரவே வெளியேறினார். பெண் வீட்டில் வாழ்வதே வழக்கமான நம் கிழக்கு மாகாணத்தவருக்கு இது வியப்பாக இருக்கலாம். அவரது முதல் திருமணம் இப்படித்தான் முறிந்தது. பெண்ணும் முஸ்லிம், மாப்பிள்ளையும் முஸ்லிம் என்பது அதைக் காப்பாற்றவில்லை.

அங்கிருந்து அவர் அடைக்கலம் புகுந்தது கொமில்லாவில் இந்திரகுமார் சென்குப்தா என்ற இந்துவின் வீட்டில். இந்திரகுமாரின் மனைவி விரஜாசுந்தரி தேவியை நஸ்ருல் தாயாகவே மதித்தார். 1923இல் ஹூக்ளி சிறையில் சுமார் 40 நாட்கள் உண்ணாவிரதம் இருந்த நஸ்ருலை உண்ண வைத்தவரும் இந்தத் தாய்தான். தந்தையை இழந்த பிரமிளாவும் தாய் கிரிபாலா தேவியும் வாழ்ந்ததும் இதே வீட்டில்தான். பிரமிளாவின் தந்தையும் இந்திரகுமாரும் சகோதரர்கள்.

நஸ்ருல் பிரமிளாவை மணக்கப் போகிறார் என்றதும் அந்த வீட்டிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. மகன் என்று அழைத்த வீடு மருமகன் என்று அழைக்கத் தயங்கியது. கிரிபாலா தேவி மட்டும் மகளின் பக்கம் நின்றார். புகலிடம் தந்த வீட்டை விட்டு மகளோடு வெளியேறினார்.

1924 ஏப்ரல் 25 அன்று கல்கத்தாவில் நிகாஹ் நடந்தது. பிரமிளா மதம் மாறவில்லை, நஸ்ருல் மாறும்படி கேட்கவும் இல்லை. மணமகளுக்கு அப்போது 16 வயது நிறைந்திருக்கவில்லை. அக்கால வழக்கம் அது, இன்று யாருக்கும் முன்மாதிரி அல்ல.

எதிர்ப்பு இரு பக்கமிருந்தும் வந்தது. பிரம்ம சமாஜத்தாரில் ஒரு பகுதியினர் கொதித்தனர். முஸ்லிம் பத்திரிகைகள் சில நஸ்ருலைக் காபிர் என்று எழுதின. 1926 ஏப்ரலில் கல்கத்தாவில் இந்து முஸ்லிம் கலவரம் வெடித்தபோது, இரு தரப்பாலும் ஏசப்பட்ட இந்த மனிதர்தான் ஒற்றுமைக்காகப் பாடல்களும் கட்டுரைகளும் எழுதினார். மூத்த மகனுக்குக் கிருஷ்ண முஹம்மத் என்று பெயரிட்டார். அக்குழந்தை சிறு வயதிலேயே இறந்தது. இரண்டாவது மகன் புல்புலை 1930இல் அம்மை நோய் கொண்டு போனது. ரமழான் முடிந்து பெருநாள் பிறை தெரிந்ததும் இன்றுவரை வங்காள முஸ்லிம்களின் வீடுகளில் ஒலிக்கும் பாடல் நஸ்ருல் எழுதியதே. காளியைப் பற்றிய பக்திப் பாடல்களையும் அவர் எழுதினார்.

பின்னர் பிரமிளா இடுப்புக்குக் கீழ் செயலிழந்து படுக்கையில் விழுந்தார். 1942இல் நஸ்ருல் பேச்சையும் நினைவையும் இழந்தார். 1953இல் லண்டனுக்கும் வியன்னாவுக்கும் கொண்டு சென்றும் பயனில்லை. படுக்கையில் இருந்தபடியே கணவருக்கு உணவூட்டிய பிரமிளா 1962 ஜூன் 30இல் இறந்தார். கணவரின் சொந்த ஊரான சுருலியாவில் அடக்கப்பட்டார். 1972இல் பங்களாதேஷ் அரசு நஸ்ருலை டாக்காவுக்கு அழைத்துச் சென்றது. 1976 ஆகஸ்ட் 29இல் வபாத்தான அவரது ஜனாஸா டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசல் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டது. ஒரு காலத்தில் ஒரே வங்கமாக இருந்த மண்ணில், இன்று இருவரின் கப்றுகளும் இரு நாடுகளில் இருக்கின்றன.

இதை எழுதுவதால் மார்க்கச் சட்டத்தை மாற்றச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். சூரத்துல் பகராவின் 221ஆம் வசனம் நமக்குத் தெரியும். உலமாக்கள் அதைச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். நாட்டுச் சட்டத்திலும், மணமக்கள் இருவரும் முஸ்லிம்களாக இருந்தால் மட்டுமே முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் பொருந்தும். மற்றவர்களுக்குப் பொதுத் திருமணப் பதிவுச் சட்டம் இருக்கிறது. கேள்வி அதுவல்ல. ஒரு வீட்டில் இப்படியொன்று நடந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

சட்டம் சொல்வது ஆலிமின் வேலை. பெண்ணைத் தேடி இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவது யாருடைய வேலையும் அல்ல. கடத்தல் என்றும் திட்டமிட்ட மதமாற்றம் என்றும் முகநூலில் ஒருவர் எழுதினால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் கடையும் வயலும் எரியலாம். அதைத் தடுக்கப் பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் ஒரே மேசையில் அமர வேண்டும். இருவரும் உரிய வயதை அடைந்தவர்களா, விருப்பம் யாருடையது, வற்புறுத்தல் உண்டா என்று விசாரிக்க வேண்டும். பெற்றோரின் வேதனை உண்மையானது. அதைக் கேட்பதற்கும் ஆட்கள் வேண்டும்.

விரஜாசுந்தரி தேவிக்கும் கிரிபாலா தேவிக்கும் நஸ்ருல் மீதிருந்த அன்பு ஒன்றுதான். ஒருவர் அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை, மற்றவர் மகளோடு போனார். ஆனால் கொமில்லாவில் அந்த வீட்டை முன்வைத்து யாரும் யாரையும் கொல்லவில்லை. நம் ஊர்களில் அந்த அளவாவது காக்கப்பட வேண்டும்.